கொல்ல வந்த மருந்து டானிக் ஆன கதை

1970களில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து விவசாயிகள் காசு கொடுத்துக் களைக்கொல்லி வாங்கி, அதைக் களையின் மேல் அடிக்காமல் மக்காச்சோளத்தின் மேல் அடித்தார்கள். பங்காளி எவனோ பொறாமையில் சொல்லிக் கொடுத்த யோசனை அல்ல இது. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆல்வின் ஓல்ரோகி என்ற பேராசிரியரும் அவருடைய ஆட்களும் வருஷக்கணக்கில் ஆராய்ந்து சொன்னது. மருந்தின் பெயர் டைனோசெப். களையை ஒழிக்க வேண்டுமானால் அது கிலோ கணக்கில் வேண்டும். மக்காச்சோளத்துக்கோ ஏக்கருக்குச் சில கிராம் போதும். ஆண் பூ வெளியே தலைகாட்டும் முன் ஒரு தெளிப்பு. கதிர் பெருக்கும், மூட்டை கூடும் என்றார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இண்டியானா வாத்தியார் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்: அளவுக்குக் குறைந்தால் நஞ்சும் அமுதம். கவிழ்த்த முதல் ஆள் அவரில்லை. தலைமுறைக்கு ஒருவர் இந்த ரகசியத்தைப் புதிதாகக் கண்டுபிடிப்பதும், ஊரைக் கூட்டுவதும், உதை வாங்குவதும், பிறகு எல்லோரும் மறந்துபோவதுமாக ஒரு நீண்ட கூத்து நடந்திருக்கிறது. அநேகமாக எல்லாக் கண்டுபிடிப்புமே யாரோ செய்த தப்பில்தான் பிறந்தது என்பது இதில் கூடுதல் அழகு.

கூலியிலும் அளவு பார்த்த ஊர்

பிள்ளையார் சுழி போட்டவர் பாராசெல்சஸ். 1527இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கு வைத்தியராக வந்தார். வந்த வருஷமே, மருத்துவ மாணவர்கள் வேதமாகப் படித்துவந்த அவிசென்னாவின் நூலைத் திருவிழா நெருப்பில் தூக்கிப் போட்டார். இலத்தீனில் நடத்த வேண்டிய பாடத்தை ஜெர்மன் மொழியில் நடத்தினார். சக வைத்தியர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லிச்டென்ஃபெல்ஸ் என்ற தேவாலயப் பெரியமனிதர், தன் நோயைத் தீர்த்தால் நூறு குல்டன் தருவதாகச் சொன்னார். நம்மவர் தீர்த்தார். எழுந்து உட்கார்ந்த பெரியமனிதர் ஆறு குல்டனை நீட்டினார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டும் ஆறே சரி என்றது. நீதிபதிகளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, 1528இல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டே ஓடினார் பாராசெல்சஸ்.

பத்து வருஷம் கழித்து அவர் எழுதிவைத்ததுதான் நச்சியலின் மூலமந்திரம்: உலகத்தில் எல்லாமே விஷம்தான், விஷமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அளவு ஒன்றே. நூறுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரைவிட அனுபவித்து உணர்ந்தவர் யார்?

மூன்றரை நூற்றாண்டு கழித்து, ஜெர்மனியின் வடகோடியில் கிரைஃப்ஸ்வால்ட் என்ற ஊரில் ஹ்யூகோ ஷுல்ஸ் என்ற மருந்தியல் பேராசிரியர் ஈஸ்டுக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தார். பாதரச உப்பு, ஆர்செனிக், அயோடின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றினார். அதிகம் ஊற்றினால் ஈஸ்டு செத்தது. மிகக் குறைவாக ஊற்றினால் ஈஸ்டு குஷியாகி முன்னைவிட வேகமாக நொதித்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஈஸ்டு அதே பதிலைத்தான் சொன்னது. 1888இல் பிரசுரித்தார்.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ஹோமியோபதி ஏன் வேலை செய்கிறது என்பதற்குத் தன்னிடம் விளக்கம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். அந்தக் காலத்து ஆங்கில மருத்துவ உலகத்தில் ஹோமியோபதி என்ற பெயரை எடுத்தாலே பந்தியிலிருந்து எழுப்பிவிடுவார்கள். ருடால்ஃப் ஆர்ன்ட் என்ற மனநல மருத்துவர் வேறு வந்து ஒட்டிக்கொள்ள, ‘ஆர்ன்ட் - ஷுல்ஸ் விதி’ என்று அதற்குப் பட்டாபிஷேகமும் நடந்தது. 1930களில் எடின்பரோவின் ஆல்ஃபிரட் கிளார்க் என்ற மருந்தியல் ஜாம்பவான் அதை நார் நாராகக் கிழித்தார். ஷுல்ஸ் சொன்ன மருத்துவ விளக்கம் தப்பு. ஈஸ்டு சொன்னது சரி. இரண்டையும் சேர்த்தே குப்பையில் போட்டார்கள்.

திராட்சைத் திருடனும் காட்டுக் கடுகும்

அதே 1880களில் பிரான்சின் போர்தோ பக்கம் ஒரு சில்லறைத் தகராறு. சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றுகொண்டே போனார்கள். தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரச் செடிகளில் தெளித்தார்கள். பார்த்தாலே விஷம் என்று தெரிந்து திருடன் ஒதுங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான் திட்டம். திருடனோடு பூஞ்சணமும் ஒதுங்கிப் போனதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். போர்தோ கலவை பிறந்தது.

1896இல் போனே என்ற பிரெஞ்சுக்காரர் அடுத்த கட்டத்தைப் பார்த்தார். கலவை பட்ட இடத்தில் காட்டுக் கடுகின் இலை கருகியது. அப்படியானால் தானிய வயலில் மயில்துத்தக் கரைசலை அடித்தால்? கடுகு செத்தது, தானியம் நின்றது. காரணத்தில் பெரிய மாயமில்லை. கடுகின் இலை அகலமாகப் படுத்திருக்கும், மருந்து தங்கும், குருத்தும் மேலே திறந்து கிடக்கும். தானியப் பயிரின் இலை நெட்டுக்குத்தாக, மெழுகு பூசி நிற்கும். துளி வழிந்து ஓடிவிடும். குருத்தோ அடியில் உறைகளுக்குள் பத்திரமாக இருக்கும். பயிருக்கும் களைக்கும் ஒரே மருந்தை அடித்து, பயிரைக் கொஞ்சமாகவும் களையை முழுசாகவும் வதைக்கும் தொழில் இப்படித்தான் தொடங்கியது. தானியப் பயிர் அன்றிலிருந்தே தன் பங்குக்குக் கொஞ்சம் விஷம் குடித்துக்கொண்டுதான் வளர்கிறது.

மஞ்சள் குடும்பம்

இப்போது கதாநாயகனின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். டைனைட்ரோ வம்சம். எல்லோரும் மஞ்சள் நிறம். எல்லோருக்கும் குணம் ஒன்றே: உயிரணுவுக்குள் எரிபொருளை எரியவிடுவார்கள், அதிலிருந்து சக்தியைச் சேமிக்க விடமாட்டார்கள். சங்கிலி கழன்ற சைக்கிளை மிதிக்கிற கதி. கால் சுற்றும், வியர்வை கொட்டும், வண்டி நகராது.

மூத்தவர் டைனைட்ரோஃபீனால். முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். அவரோடு பழகிய தொழிலாளிகளுக்குக் காய்ச்சல் அடித்தது, வியர்த்துக் கொட்டியது, உடம்பு இளைத்தது. சிலர் செத்தே போனார்கள். இந்தச் செய்தியில் நல்லவர்கள் காதில் ‘செத்தார்கள்’ என்பது விழுந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த கட்டிங், டெய்ன்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் காதில் ‘இளைத்தார்கள்’ என்பது விழுந்தது. 1933இல் அதைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். குண்டு அமெரிக்கா ஓடிவந்தது. ஒரு வருஷம் போவதற்குள் அந்நாட்டில் ஒரு லட்சம் பேராவது விழுங்கியிருப்பார்கள் என்று டெய்ன்டரே கணக்குச் சொன்னார். இளைத்தது நிஜம். கண்ணில் புரை விழுந்ததும், காய்ச்சல் ஏறி ஆளே வெந்துபோனதும் நிஜம். 1938இல் புதுச் சட்டம் வந்து கடையைச் சாத்தியது.

தம்பி டி.என்.ஓ.சி. 1890களில் ஜெர்மனியில் பூச்சிமருந்தாக இருந்துவிட்டு, 1932இல் பிரான்சில் தானிய வயல்களுக்குக் களைக்கொல்லியாக வேலை மாறிக்கொண்டார். மருந்து அடித்தவர்கள் கையும் முகமும் மஞ்சள் பூசி வீடு திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. இங்கிலாந்தில் தெளிப்பு வேலைக்காரர்கள் அடுத்தடுத்து இறந்த பிறகு, 1952இல் விவசாய நஞ்சுகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்.

கடைக்குட்டிதான் நம் டைனோசெப். அண்ணன் மனிதனை மெலியவைக்கப் பார்த்தவர். கடைக்குட்டி மக்காச்சோளத்தைப் பெருக்கவைக்கப் பார்த்தார். நோக்கம் எதிரெதிர், கையிலிருந்த சரக்கு ஒன்றே.

மூத்திரத்தில் கிடைத்த மூலிகை

வம்சத்துக்கு வெளியே இன்னொரு பெரிய தலைக்கட்டும் உண்டு. சார்லஸ் டார்வின் வயதான காலத்தில், மகன் பிரான்சிஸோடு சேர்ந்து புல் முளைகளின் நுனிக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். தொப்பி போட்ட முளை வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்று 1880இல் எழுதினார்கள். அந்த ஏதோ ஒன்றைத் தேடி நெதர்லாந்தில் புறப்பட்டவர்கள், 1934இல் அதைக் கண்டெடுத்த இடம் மனித மூத்திரம். செடியை வளர்க்கும் ஆக்சின் நம் வீட்டுக் கொல்லையிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

செயற்கையாக ஆக்சின் செய்யக் கற்றதும், விஞ்ஞானிகள் அதிகமாக ஊற்றிப் பார்த்தார்கள். 1940இல் இங்கிலாந்தில் டெம்பிள்மேன் என்பவர் ஓட்ஸ் வயலில் என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஆக்சினை அடித்தார். காட்டுக் கடுகு மறுபடியும் செத்தது. ஓட்ஸ் மறுபடியும் பிழைத்தது. அதைவிட வீரியமான 2,4-டி வந்ததும் இங்கிலாந்து, அமெரிக்கா இரு நாட்டு அரசுகளும் அதை ராணுவ ரகசியமாக்கிக்கொண்டன. ஜப்பானின் நெற்பயிரை இப்படியான மருந்துகளால் அழிக்க முடியுமா என்று அமெரிக்க ராணுவம் ஆராய்ந்தது. அகல இலையைத் தேடிப் பிடித்துக் கொன்று புல் இனத்தை விட்டுவைக்கும் மருந்தை, புல் இனமான நெல் மேல் ஏவப் பார்த்தது அந்தப் போரின் எழுதப்படாத நகைச்சுவை. 1945இல் போர் முடிந்தது. மருந்து கடைக்கு வந்தது. உலகத்தின் கோதுமை வயல்களிலெல்லாம் பாய்ந்தது.

வளர்ச்சி ஊக்கியை அதிகம் கொடுத்துக் கொல்வது 2,4-டி. அப்படியானால் குறைவாகக் கொடுத்தால் பழையபடி ஊக்கிதானே? இந்தக் கேள்வியைக் கேட்டுக் கனடாவின் வான்கூவரில் வோர்ட் என்பவர் பீன்ஸ், உருளைக்கிழங்கு, சர்க்கரைக் கிழங்கு என்று வரிசையாக அடித்துப் பார்த்தார். சில வருஷம் கூடியது. வயல்காரர்கள் ஊர்வலம் எடுக்கும் அளவுக்குக் கூடவில்லை.

நம் ஊருக்கு இந்தச் சங்கதி வேறு வாசல் வழியாக வந்தது. உளுந்தில் பூ உதிராமல் இருக்க லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லிகிராம் என்.ஏ.ஏ. அடிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். டெம்பிள்மேன் எதை வைத்துக் காட்டுக் கடுகைக் கொன்றாரோ, அதே ஆசாமிதான். அளவு குறைந்து, பெயர் மாறி, டானிக் வரிசையில் நிற்கிறார்.

இடாஹோவின் மாஸ்கோ

இந்தக் கூத்துக்கு ஞானஸ்நானம் நடந்த ஊரின் பெயர் மாஸ்கோ. ரஷ்யாவில் இல்லை, அமெரிக்காவின் இடாஹோவில். செந்நிற தேவதாரு மரம் ஏன் எளிதில் உளுத்துப்போவதில்லை என்று செஸ்டர் சவுதம் என்ற மாணவரும் ஜான் எர்லிக் என்ற ஆசிரியரும் ஆராய்ந்தார்கள். மரச்சாறு பூஞ்சணத்தைக் கொன்றது. சாற்றை நீர்க்கவிட்டால் பூஞ்சணம் அமோகமாக வளர்ந்தது. 1943இல் இதற்கு ‘ஹார்மெசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஷுல்ஸ் செத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஈஸ்டு பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சவுதம் பிறகு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போய், 1963இல் நியூயார்க்கில் 22 வயோதிக நோயாளிகளுக்கு விவரம் சொல்லாமலே உயிருள்ள புற்றணுக்களை ஊசியில் ஏற்றி, மருத்துவ அறநெறிப் பாடப் புத்தகத்தில் நிரந்தர இடம் பிடித்தார். பூஞ்சணத்திடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்பதை மனிதருக்கும் நீட்டிவிட்டார்.

1966இல் மாசசூசெட்ஸில் ஒரு கல்லூரி வகுப்பு. வளர்ச்சியைக் குறுக்கும் மருந்தைப் புதினாச் செடிக்கு ஊற்றிக் குட்டையாக்கிக் காட்ட வேண்டும். செடிகள் நெட்டையாகிவிட்டன. மருந்தை அளவுக்கு மேல் நீர்க்கவைத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. வேறு மாணவனாக இருந்தால் மதிப்பெண் போச்சே என்று அழுதிருப்பான். எட்வர்ட் கலப்ரீஸ் என்ற அந்த மாணவர் அதையே பிடித்துக்கொண்டு, பேராசிரியராகி, ஆயிரக்கணக்கான பழைய ஆய்வுகளைத் தோண்டி, ஷுல்ஸையும் தோண்டி எடுத்து மாலை போட்டார். அவர் கணக்குப்படி இந்த ஊக்கம் பொதுவாக 30 முதல் 60 சதவீதத்தோடு நின்றுவிடும்.

1967இல் மிச்சிகனில் ஸ்டான்லி ரீஸ் கூட்டத்தார் சிமசின் என்ற களைக்கொல்லியைக் கொல்லாத அளவில் கொடுத்தால் பயிரில் புரதம் கூடுவதாக எழுதினார்கள். அதே ரீஸ் 1977இல், தக்காளி வரிசையோரம் குதிரைமசால் தழையைப் போட்டால் மகசூல் கூடுவதைத் துருவிப் போய், டிரையகோன்டனால் என்ற மெழுகுச் சாராயத்தைப் பிடித்தார். அமெரிக்காவில் அது ஒரு வயலில் ஜெயிக்கும், மறு வயலில் தோற்கும்; அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நம் உரக்கடை அலமாரியில் அது ஓய்வூதியம் வாங்காமல் இன்னும் வேலை பார்க்கிறது.

அறுவடை நாள்

இண்டியானாவுக்கு வருவோம். டைனோசெப் அடித்த மக்காச்சோளம் என்ன ஆயிற்று? சில வயலில் கூடியது. சில வயலில் கூடவில்லை. ரகம் மாறினால் பலன் மாறியது; மழை மாறினால் பலன் மாறியது. மற்ற மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கின. 1986 அக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை டைனோசெப்பை அவசர உத்தரவு போட்டு நிறுத்தியது. மருந்தைக் கையாளும் கர்ப்பிணிகளின் குழந்தை ஊனமாகப் பிறக்கலாம், ஆண்களுக்கு மலட்டுத்தன்மை வரலாம் என்பது காரணம். மஞ்சள் குடும்பம் மூன்றாவது முறையாக வாசலில் நிறுத்தப்பட்டது.

இருந்தாலும் ஆசை போகவில்லை. 2008இல் பிரேசிலின் வெலினி குழு, களையைக் கொல்லக் கிலோ அளவில் அடிக்கும் கிளைஃபோசேட்டை எக்டேருக்கு 2 முதல் 36 கிராம் வரை அடித்துப் பார்த்தது. மக்காச்சோளமும் சோயாவும் யூகலிப்டஸும் கொழுத்தன. கிளைஃபோசேட்டைத் தாங்கும்படி மரபணு மாற்றிய சோயா மட்டும் அசையவில்லை. ஆக, கொல்லுகிற பூட்டும் கொழுக்கவைக்கிற பூட்டும் ஒன்றுதான் என்பது நிரூபணமானது. மருந்து லேசாகத் தட்டும்போது செல் சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின் குறைகிறது, சுவர் இளகியிருப்பதால் செடி நீளுகிறது என்று ஒரு விளக்கமும் உண்டு.

அதே வருஷம் டென்மார்க்கில் நீனா செடர்கிரீன் என்ற பெண்மணி மற்றவர்கள் செய்ய மறந்த ஒரு காரியத்தைச் செய்தார்: பொறுமையாகக் காத்திருந்தார். பார்லிக்கு எக்டேருக்கு 60 கிராமுக்குக் குறைவாகக் கிளைஃபோசேட் அடித்தார். முதல் வாரமே பயிர் துள்ளியது. ஆறு வாரம் வரை பக்கத்துப் பயிரைவிடப் பெரிசாகவே நின்றது. அறுவடையன்று தூக்கி எடை போட்டால், அடித்ததும் அடிக்காததும் ஒன்று. தொட்டியில் வைத்து மூன்றாம் வாரம் அளந்து முடித்தவர்களெல்லாம் ஜெயித்ததும், கதிர் அடிக்கும்வரை நின்ற விவசாயி தலையைச் சொறிந்ததும் ஏன் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

ஜெயித்த இடமும் ஒன்று உண்டு, அதுவும் இதையேதான் சொல்கிறது. ஹவாயில் 1970களிலிருந்து கரும்பை வெட்டுவதற்குச் சில வாரம் முன்பு கிளைஃபோசேட்டின் சகோதர மருந்தையும், பிறகு கிளைஃபோசேட்டையே குறைந்த அளவிலும் தெளித்தார்கள். வளர்ச்சி நின்றது, சர்க்கரை ஏறியது, பயிர் சுதாரிப்பதற்குள் வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரத்துக் குஷி என்றால் ஆறு வாரத்துக்குள் அரிவாள் வர வேண்டும். தானியத்துக்கு அந்த வசதி இல்லை. மணி முற்றும்வரை நின்றாக வேண்டும்.

இன்னொரு பங்காளியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்: களை. குறைந்த அளவு மருந்து வயலில் பயிருக்கு மட்டும் தனியாகப் போய்ச் சேராது. ஆஸ்திரேலியாவில் நீவ், பவுல்ஸ் இருவரும் ரைகிராஸ் என்ற களைக்குக் களைக்கொல்லியைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்து, பிழைத்ததன் விதையை மறுபடி விதைத்தார்கள். மூன்றே தலைமுறையில் களை முழு அளவு மருந்தையும் தாங்கப் பழகிவிட்டது. பயிருக்கு ஊட்டச்சத்து என்று நினைத்துக் களைக்கு டியூஷன் எடுத்த கதை.

நம் வயலில் இதை யோசித்துப் பாருங்கள். ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்பதுதான் நம் அளவு. பாட்டில் மாறினால் மூடி மாறும். அடிப்பவர் மாறினால் நடை மாறும். வரப்பு ஓரம் இரண்டு தடவை விழும், நடுவில் ஒரு தடவையும் விழாது. கிலோவில் அடிக்கும்போதே இந்த லட்சணம். எக்டேருக்கு 30 கிராமைப் பிசகாமல் பரப்பி, அதுவும் பயிரின் வயசும் வெயிலும் ஈரமும் ஒத்துவரும் நாளில் பரப்பி முடிக்க, டென்மார்க் அம்மையாரே வந்து டேங்கைத் தோளில் மாட்ட வேண்டும்.

பாராசெல்சஸ் சொன்னது தப்பில்லை, ஈஸ்டு சொன்னதும் தப்பில்லை. நாளைக்கு ஒருவர் பளபளக்கும் பாட்டிலோடு வந்து, சொட்டு மருந்தில் நெல் சும்மா கொழுகொழு என்று வளர்கிறது, வாட்ஸ்அப்பில் படம் பாருங்கள் என்பார். படம் நிஜமாகவே இருக்கும். பயிர் நிஜமாகவே கொழுத்திருக்கும். அவரிடம் விலை விசாரிக்கும் முன், படம் எடுத்தது எத்தனையாவது வாரம் என்று மட்டும் விசாரியுங்கள்.